வளையத்துக்குள் அடங்காத இருபத்து நான்கு

இரண்டு கைகள் அழுக்கேறிக் கறுத்த ஒரு பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தன. குழாய்த் தண்ணீரில் அல்ல; தொட்டியிலிருந்தே எடுத்து வாளியில் வைத்த பழைய தண்ணீரில். ஒரு பிழி, ஒரு அலசல், மறுபடி ஒரு பிழி. மூன்றாவது பிழியோடு கைகள் நின்றுவிட்டன. பஞ்சு இன்னும் பழுப்பாகத்தான் இருந்தது. வெள்ளையாகும்வரை கழுவினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மீன் கழிவைத் தின்று தண்ணீரைக் கெடாமல் காக்கும், கண்ணுக்குத் தெரியாத கூட்டம் அந்தப் பழுப்பில்தான் குடியிருக்கிறது. அதைக் கழுவிச் சாக்கடையில் விட்டுவிட்டு, மறுநாள் மீன் ஏன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது என்று கேட்பவர்கள் ஊரில் நிறைய உண்டு. இந்தக் கைகளும் ஒரு காலத்தில் அதைச் செய்தவைதான்.

கைகள் பஞ்சை வடிகட்டிக்குள் செருகின. குமிழி சீராக வருகிறதா என்று ஒரு விரல் தொட்டுப் பார்த்தது. உடனே இருபத்து நான்கு நியான் மீன்கள் நான்கு பக்கத்திலிருந்தும் ஓடிவந்து அந்த விரலைத் தின்ன முடியுமா என்று சோதித்தன.

"இர்யா! ஆர்லோ போன் பண்ணாரு! சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு வராராம்! வளையத்தோட!"

மாடிப்படியின் உச்சியிலிருந்து கத்தியது லென், அவள் கணவன். லென்னுக்குப் பேச வராது, கத்தத்தான் வரும். துறைமுகத்துத் தானியக் கிடங்கில் முப்பது வருஷம், எந்திரச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்துப் பழகிய தொண்டை.

"வளையத்தோடதான் வருவாரு. வளையம் இல்லாம அந்த மனுஷன் சர்ச்சுக்குக்கூடப் போக மாட்டாரு" என்றாள் இர்யா. பிறகு ஈரக் கையைத் துடைக்காமலே மீன்களைப் பார்த்து நின்றாள். ஒன்று இடது மூலையில். இரண்டு செடிக்குள். ஒன்று கண்ணாடியில் தன்னையே பார்த்து மயங்கிக் கிடந்தது. மற்றவை, சந்தைக்கு வந்த கூட்டம்போல, ஆளுக்கொரு திசை.

அதுதான் அவளுக்குக் கவலை.

விஷயம் இதுதான். தண்டர் பே ஊரின் மேற்கு எல்லையில் சீடர் லாட்ஜ் என்றொரு முதியோர் இல்லம். அதன் கூடத்தில் ஒரு பெரிய மீன் தொட்டி. அதில் மீன் வளர்த்துக் கொண்டுபோய் விடுவது தண்டர் பே மீன் வளர்ப்போர் சங்கத்தின் பொறுப்பு. இரண்டு வருஷத்தில் இரண்டு கூட்டம் விட்டார்கள். இரண்டும் மூன்றே வாரத்தில் ஒவ்வொன்றாக மிதந்தன. காலை ஓட்ஸ் கஞ்சிக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுவாக இருப்பதில் நிர்வாகி க்ளெண்டாவுக்கு இஷ்டமில்லை. இன்னொரு முறை சங்கம் சொதப்பினால் தொட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொய் நெருப்புக் காட்டும் மின்சாரக் கணப்பு வைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். சொன்னதோடு வாங்கியும் விட்டாள். பிரிக்காத அட்டைப்பெட்டியில் அது தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றது, நிச்சயத்துக்கு முன்பே பெட்டியோடு வந்துவிட்ட மாப்பிள்ளை மாதிரி.

அந்தத் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் லென்னின் அண்ணன் வாசில். எண்பத்தொரு வயது. மனைவி போன பிறகு சீட்டாட்டத்தை விட்டார், டிவியை விட்டார், பக்கத்து அறைக்காரரோடு சண்டை போடுவதைக்கூட விட்டார். தொட்டியை மட்டும் விடவில்லை. மீன் இல்லாத வெறும் தண்ணீரை நான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தினமும் மத்தியானம் போன் வரும்.

"பசங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா சாப்பிடறாங்க, வாசில்."

"எப்ப வராங்க?"

"ஆர்லோ கையெழுத்துப் போட்டதும்."

"அந்தாளு போடறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன். பொய் நெருப்பப் பாத்துக்கிட்டே செத்தான்னு பேப்பர்ல வரும். நம்ம குடும்பத்துக்கே அசிங்கம்."

இர்யா சிரிப்பாள். போனை வைத்ததும் சிரிப்பு போய்விடும். வாசிலிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு நாற்காலிதான் என்று அவளுக்குத் தெரியும்.

ஆர்லோ டென்மோர் சங்கத்தின் நடுவர். ஓய்வுபெற்ற நில அளவைக்காரர். சங்கத்துச் சார்பில் வெளியே போகும் எந்தக் கூட்டமும் வளர்த்தவர் வீட்டிலேயே அவர் கண்ணால் தேறியாக வேண்டும். அதற்கு அவர் எழுதிய விதி: நடுவர் தொட்டியின் முன் ஒரு வளையத்தைப் பிடிப்பார், ஒரு நிமிஷம் முழுக்க, கூட்டத்தில் ஆறில் ஐந்து பங்கு அந்த வளையத்துக்குள் தெரிய வேண்டும். கூட்டமாக வாழும் மீன் கூட்டமாக நீந்தாவிட்டால் அதற்குப் பெயர் கூட்டமா? வளையம் என்பது எம்ப்ராய்டரி போடும் மர வளையம், ஓரடி அகலம். துணிப்பையில் சுற்றிக் கொண்டுவருவார்.

இர்யாவின் இருபத்து நான்கில், இருபது வளையத்துக்குள் நிற்க வேண்டும். லென்னின் அக்காவிடம் அதே அளவு வளையம் இரவல் வாங்கி அவள் செவ்வாய்க்கிழமையே பிடித்துப் பார்த்தாள். ஏழு. அரை மணி கழித்து ஐந்து. இரண்டு நாளில் ஆக அதிகம் ஒன்பது, அதுவும் சாப்பாட்டு நேரம்.

இத்தனைக்கும் அவளைவிடத் தண்ணீரை அறிந்தவர் அந்த ஊரில் யாருமில்லை. இருபத்திரண்டு வருஷமாக, பனியில் கல்லை வழுக்கவிட்டு ஆடும் கர்லிங் மன்றத்தில் பனித்தளம் போடுகிறவள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று பனிக்காலம் தளத்தைக் கெடுத்து, மன்றத்து ஆட்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு கற்றாள். தண்ணீரில் கொஞ்சம் உப்பு மிஞ்சினாலும் இருபது கிலோ கல் பாதி வழியில் சோம்பல் முறித்து நின்றுவிடும். ஆட்டக்காரர்கள் துடைப்பத்தால் எவ்வளவு தேய்த்தாலும் நகராது. தண்ணீரை நாக்கில் வைத்தே இது எந்த வாரத்துத் தண்ணீர் என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டாள்.

மீனையும் அப்படித்தான், கெடுத்துக் கெடுத்துக் கற்றாள். முதலில் ஒரே ஒரு நியான் வாங்கினாள். அது எட்டு நாள் செடிக்குப் பின்னால் நின்று வெளுத்தது. துணைக்கு ஐந்து வாங்கி விட்டாள். ஆறும் சேர்ந்து அதே செடிக்குப் பின்னால் நின்றன. பன்னிரண்டு ஆனதும் ஒன்று மட்டும் தலையை நீட்டியது. இருபதைத் தாண்டிய பிறகுதான் எல்லாம் வெளியே வந்து, தொட்டி தங்கள் அப்பன் வீட்டுச் சொத்து என்பதுபோல் உலாவின. எண்ணிக்கையில்தான் இவற்றின் தைரியம் இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

இந்த இருபத்து நான்கும் மார்ச் மாதம் நெல்மணி நீளத்தில் வந்தன. ஆறு வாரம் தனித் தொட்டியில் வைத்து, ஒவ்வொன்றின் துடுப்பையும் வாலையும் பூதக்கண்ணாடியில் பார்த்து, நோயில்லை என்று நம்பிய பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றினாள். அன்றன்று பொரித்த இறால் குஞ்சு காலையில், பொடித்த தீனி மாலையில், இரண்டு நிமிஷத்தில் தீரும் அளவு மட்டும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்று. புதுத் தண்ணீர் பீப்பாயில் இரண்டு நாள் கிடந்து, அதே சூட்டுக்கு வந்தபின். ஏழு மாதத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. வயிறு உருண்டை, நீலக்கோடு வெல்டிங் பொறி மாதிரி, வால் ரத்தச் சிவப்பு. குறை என்று எதையும் சொல்ல முடியாது.

வைத்த இடம்தான் அப்படி. வீட்டின் அடித்தளம். ஒரு பக்கம் துணி துவைக்கும் எந்திரம். அது சுழலும்போது வீடே சாமியாடும். மறுபக்கம் கணப்பு எந்திரம், மான்கறி நிரம்பிய பழைய ஃப்ரீசர். புதன்கிழமைதோறும் லென்னின் கர்லிங் அணி அங்கேதான் கூடும்: நான்கு கிழவர்கள், நான்கு துடைப்பம். கம்பளத்தின்மேல் தேய்த்துப் பயிற்சி எடுத்துக்கொண்டு "தேய்! தேய்! விடாதே, தேய்டா!" என்று அலறுவார்கள். பீர் இரண்டு சுற்று போனதும் லென் அக்கார்டியனை எடுப்பான்.

நெல்மணி அளவிலிருந்து இதையெல்லாம் கேட்டு வளர்ந்த மீன்களுக்கு உலகத்தில் பயப்பட என்ன மிச்சம் இருக்கும்? பயமில்லாத மீன் எதற்காக இன்னொரு மீனை ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும்?

"பயமுறுத்திப் பாப்போம்" என்றான் லென் புதன்கிழமை. "பயந்தா ஒண்ணா சேரும்ல?"

"ஏழு மாசம் பயப்படாம வளத்துட்டு, இப்பப் போய்ப் பயமுறுத்தச் சொல்றியா?"

"ஒரு நிமிஷம்தானே. ஸ்கூல்ல இன்ஸ்பெக்டர் வந்தா நாம எல்லாம் நேரா உக்காரல?"

சொல்லிவிட்டுக் கணப்புப் பெட்டி அளவுக்கு ஓர் அட்டையை எடுத்து, சின்ன மீன்களை விழுங்கும் பைக் மீன் ஒன்றின் உருவத்தை வெட்டினான். ஏரியில் பத்து வருஷமாக அவன் பிடிக்க முடியாத மீன், ஆகவே பல் மட்டும் இருநூறு போட்டான். அதைத் துடைப்பக் கட்டையில் ஒட்டித் தொட்டிக்கு முன்னால் மெதுவாக நீந்த விட்டான். இருபத்து நான்கும் பாய்ந்து வந்தன. பைக்கின் வாய்க்கு நேரே முண்டியடித்து நின்று வாலை ஆட்டின.

"சாப்பாடு கொண்டுவந்திருக்கேன்னு நினைக்குதுங்க" என்றாள் இர்யா.

"கொஞ்சம் இரு." லென் அட்டையைக் கடகடவென்று ஆட்டி உறுமினான். மீன்கள் இன்னும் நெருங்கி வந்தன. ஒன்று உற்சாகத்தில் தண்ணீருக்கு மேலே துள்ளியது.

அடுத்து எதிர்வீட்டுப் பூனையை அழைத்து வந்தார்கள். டச்சஸ் என்று பெயர். மூன்று தெருவுக்கு அணில்கள் அஞ்சும் பூனை. தொட்டிக்கு எதிரே நாற்காலியில் வைத்தார்கள். இருபத்து நான்கு மீன்கள் வரிசையாக வந்து தன்னையே உற்றுப் பார்ப்பதை டச்சஸ் கொஞ்ச நேரம் சகித்துக்கொண்டாள். பிறகு வாலைச் சுருட்டிச் சோபாவுக்கு அடியில் போனவள், அணி ஆட்கள் வந்து துடைப்பத்தால் தள்ளும்வரை வெளியே வரவில்லை.

அணியில் பெரிய யோசனைக்காரன் ஓலி. லென் கரடி வேட்டைக்குப் போடும் தொப்பியையும் நீச்சல் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து திடீரென்று எழவேண்டும் என்றான். லென் எழுந்தான். மீன்கள் பார்த்தன. ஓலிக்குத்தான் நெஞ்சு அடைத்துப் புரையேறியது.

"லென், போதும்" என்றாள் இர்யா. "இதுங்களுக்கு உன்னைவிடப் பயங்கரமா ஒண்ணு இருக்கும்னு இனிமே தோணாது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் லென் கடைக்குப் போயிருந்தான். கம்பி மாற்ற வந்த மின்சார ஆட்கள் அரை மணி நேரம் தெருவுக்கே மின்சாரத்தை நிறுத்தினார்கள். கணப்பு நின்றது. ஃப்ரீசர் நின்றது. துவைக்கும் எந்திரம் பாதிச் சுற்றில் மூச்சை விட்டது. இருபது வருஷத்தில் முதல்முறையாக அந்த அடித்தளத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் இர்யா தொட்டியைப் பார்த்தாள். மீன்களைக் காணவில்லை. குனிந்து பார்த்தால், நடுவே, செடிக்கு முன்னால், ஒரு கைப்பிடி அளவில் இருபத்து நான்கும் ஒட்டி நின்றன. ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பின. வளையத்தை எடுத்து வைத்தாள். இருபத்து நான்கு. வளையத்தில் இடம் மிச்சமும் இருந்தது.

அவள் குதிக்கவில்லை. குதிப்பதற்கு முன் சோதிக்கிறவள். பயம் இருட்டாலா, அமைதியாலா? மின்சாரம் வந்ததும் விளக்கை மட்டும் அணைத்தாள்; எந்திரங்கள் ஓடின; மீன்கள் சந்தை போட்டன. விளக்கைப் போட்டு எந்திரங்களை மட்டும் நிறுத்தினாள். குப்பென்று ஒரே பந்து.

இவற்றுக்குப் பைக் பயமில்லை, பூனை பயமில்லை, லென் பயமில்லை. சத்தமில்லாமல் இருப்பதுதான் பயம்.

லென் திரும்பி வந்து கேட்டதும் அவளைத் தூக்கிச் சுற்றினான். "அவ்வளவுதான்! நாளைக்கு எல்லாத்தையும் நிறுத்திடுவோம். நான்கூட வாயத் திறக்க மாட்டேன்!"

"உன்னால முடியுமா?"

"வாசிலுக்காக" என்றான் லென். அதைக் கத்தாமல் சொன்னான்.

அவள் சரி என்றாள். பந்தாகி நின்ற நேரத்தில் மீன்களின் நீலக்கோடு மங்கியதையும், துடுப்புகள் உடம்போடு ஒட்டிக்கொண்டதையும் அவனிடம் சொல்லவில்லை. தனக்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு ஆர்லோ வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்தார். உயரமான, ஒல்லியான மனிதர். குரல் எப்போதும் நூலகத்தில் பேசுவதுபோல் இருக்கும். காபி குடித்தார். இர்யா சுட்டிருந்த ஏலக்காய் ரொட்டியில் ஒரே அளவாக மூன்று துண்டு வெட்டி, ஒன்றைச் சாப்பிட்டார். பிறகு கீழே இறங்கினார்கள்.

அடித்தளம் கோவில் குளம்போல் இருந்தது. லென் மூலையில் துணிக் கூடைகளுக்கு நடுவே, இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்டு, முகம் பீட்ரூட்டாக நின்றான். ஆர்லோ துணிப்பையைப் பிரித்து வளையத்தை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியில் வைத்தார்.

இருபத்து நான்கும் உள்ளே.

பத்து விநாடி. இருபது. ஆர்லோவின் புருவம் ஏறியது. நாற்பது. லென்னின் மூக்கு துடித்தது. ஒரு சாக்ஸை எடுத்து மூக்கில் அமுக்கிக்கொண்டான். துவைத்த சாக்ஸா துவைக்காததா என்பது அவன் கண்ணில் தெரிந்தது. அறுபது.

"பதினோரு வருஷத்துல இப்படி ஒரு கூட்டம் நான் பாத்ததில்ல, இர்யா" என்றார் ஆர்லோ, மூச்சுக்கும் கேட்காத குரலில். பேனாவைத் திறந்தார்.

இர்யா தன்னையறியாமல் ஒரு சிட்டிகைத் தீனி எடுத்து மேலே தூவினாள். எப்போதும் பார்க்க வருகிறவர்களுக்கு அதைத்தான் கடைசியாகக் காட்டுவாள். தீனி மிதந்தது. மெல்ல இறங்கியது. மீன்களின் மூக்குக்கு நேராக இறங்கித் தரையில் உட்கார்ந்தது. ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.

ஏழு மாதத்தில் ஒரு வேளை அவை சாப்பிடாமல் இருந்ததில்லை.

"ஆர்லோ, நிறுத்துங்க. கையெழுத்துப் போடாதீங்க."

லென் சாக்ஸுக்குள்ளிருந்து ஏதோ முனகினான்.

"இதுங்க ஒழுங்கா நிக்கல. பயந்து நிக்குது. லென், எல்லாத்தையும் போடு."

"இர்யா! வேண்டாம்!"

"போடுன்னு சொல்றேன்ல."

லென் போட்டான். கணப்பு உறுமியது. ஃப்ரீசர் இருமியது. துவைக்கும் எந்திரம் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. அதோடு லென், இருபது நிமிஷமாக அடக்கியதையெல்லாம் சேர்த்து ஒரு தும்மல் போட்டான். அலமாரியில் டப்பாக்கள் குலுங்கின.

பந்து உடைந்தது. மீன்கள் சோம்பல் முறிப்பதுபோல் துடுப்புகளை விரித்தன. நீலம் திரும்ப ஏறியது. இரண்டு தரைக்கு இறங்கி, கிடந்த தீனியைப் பொறுக்கின. மூன்று ஆர்லோவின் மூக்கைப் பார்க்க முன்னால் வந்தன. வளையத்துக்குள் இப்போது ஆறு.

"இதுல எந்தக் கூட்டத்துக்கு நான் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார் ஆர்லோ.

"போன ரெண்டு தடவை எந்தக் கூட்டத்துக்குப் போட்டீங்க?"

ஆர்லோ வளையத்தைக் கீழே இறக்கினார்.

"ரெண்டுமே வளையத்துல முழுசா நின்னுதுங்க. உங்க மார்க் ஷீட்ல நான் பாத்தேன். அப்புறம் அந்தக் கூடத்துல கொண்டுபோய் விட்டோம். அங்க மத்தியானம் பிங்கோ. மைக்ல நம்பர் கத்தறாங்க. சாப்பாட்டு வண்டி தொட்டி ஸ்டாண்டுல இடிக்குது. எதிர்ல வாசில் உக்காந்து போன் பேசறாரு. இவன் அண்ணன்னா எப்படி இருப்பாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"என் குரல் வாசில் குரல்ல பாதிகூட இல்ல!" என்று கத்தினான் லென், பெருமையாக.

"மூணு வாரம் அதுங்க சாப்பிடாமலே ஒட்டிக்கிட்டு நின்னிருக்கும். நோய் வராம என்ன செய்யும்?"

ஆர்லோ பேனாவை மூடினார். ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தார். தொட்டியைப் பார்த்தார். மூலையில் ஒரு மீன் தன் பிம்பத்தோடு சண்டை போட்டது. இரண்டு மீன் வேலையில்லாமல் ஒன்றை ஒன்று துரத்தின.

"என் வீட்டு மீனு எப்பவும் வளையத்துக்குள்ளயே நிக்கும்" என்றார் கடைசியில். "அதுல எனக்கு ரொம்பப் பெருமை. வீட்டுல கம்பளி சாக்ஸ் போட்டுத்தான் நடப்பேன். கதவை ரெண்டு கையாலயும் சாத்துவேன். பதினோரு வருஷமா நான் வீட்டுக்குள்ள தும்மினதில்ல, இர்யா. கார்ல போய் உக்காந்து தும்மிட்டு வருவேன்."

யாரும் சிரிக்கவில்லை. லென் முகத்தைத் துணிக் கூடைப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிச்சா சிரிங்க" என்றார் ஆர்லோ. "ஜனவரில கார்ல தும்மினா கண்ணாடியில ஐஸ் புடிச்சுக்கும். அதுவும் தெரிஞ்சுக்கோங்க."

"விதி என்ன ஆகறது?" என்றாள் இர்யா. ஆர்லோ விதியை மீறுகிறவர் அல்ல. கர்லிங்கில் ஒரு கல் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று விளையாட்டு முடிந்து மூன்று நாள் யோசித்து, தன் அணிக்கு எதிராகவே தீர்ப்பு எழுதி அனுப்பியவர்.

"விதி விதிதான். சங்கம் மாத்தணும்னா வசந்த காலக் கூட்டத்துல ஓட்டு எடுக்கணும்."

"வசந்த காலத்துல தொட்டியே இருக்காது, ஆர்லோ. நெருப்புப் பெட்டி வந்து நிக்குது அங்க."

ஆர்லோ மடித்து வைத்திருந்த விதித்தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, தான் எழுதியதையே யாரோ எழுதியதுபோல் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்தார். வளையத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓர் அடி பின்னால் வைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"நடுவர் தொட்டியின் முன் வளையத்தைப் பிடிப்பார்னு எழுதியிருக்கேன்." இன்னோர் அடி. "தொட்டிலேருந்து எவ்வளவு தூரத்துலன்னு எழுதல." இன்னோர் அடி. நில அளவைக்காரரின் நடை, ஒவ்வோர் அடியும் ஒரே நீளம். "இத்தனை வருஷம் கோடு அளந்தவன், தூரத்த எழுதாம விட்டிருக்கேன். வெட்கக்கேடு." இன்னோர் அடி. "பதினேழு... பதினெட்டு... அந்த மூலைல இருக்கறவன் இன்னும் வரல..."

"ஆர்லோ, பின்னால கூடை!"

கூடை லென்னின் கம்பளி உள்ளாடைகள் நிரம்பியது. ஆர்லோ டென்மோர் அதில் பாதி உடம்பு மறைய உட்கார்ந்தார். கால் இரண்டும் கூரையைப் பார்த்தன. வளையம் மட்டும் கண்ணுக்கு நேரே ஆடாமல் நின்றது. அதற்குள் முழுத் தொட்டியும் ஒரு தபால் அட்டைபோல் அடங்கியிருந்தது.

"யாரும் என்னத் தூக்காதீங்க" என்றார். "நேரம் ஓடிக்கிட்டிருக்கு."

எந்திரம் சுழன்றது. வீடு சாமியாடியது. ஒரு நிமிஷம் முழுக்க அவர் கூடைக்குள்ளேயே இருந்தார்.

"இருபத்து நாலு" என்றார். பேனாவைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்த இடத்திலேயே, முழங்காலின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு லென்னும் இர்யாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்ததில், கூடையும் அவரோடு கொஞ்ச தூரம் வந்தது.

திங்கட்கிழமை மத்தியானம், தெர்மாகோல் பெட்டிக்குள் இரண்டு பைகளில் மீன்களோடு இர்யா சீடர் லாட்ஜுக்குப் போனாள். வழியில் பை அழுக்காகாமலிருக்க முந்தின நாளே தீனி நிறுத்தியிருந்தாள். வடிகட்டிப் பஞ்சும் ஈரம் காயாமல் கூடவே வந்தது. வீட்டில் குடியிருந்த அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் புதுத் தொட்டியிலும் முதல் நாளே வேலையை ஆரம்பித்தாக வேண்டும்.

கூடத்தில் பிங்கோ நடந்தது. "பி பதினொண்ணு!" என்று மைக் அலறியது. கணப்புப் பெட்டியின்மேல் கையை ஊன்றிக்கொண்டு க்ளெண்டா நின்றாள்.

"இது எத்தனை நாளைக்கு, இர்யா?"

"நாலஞ்சு வருஷம் வாழற மீனு. தீனிய அளவா போட்டா."

மீன்களை வாளியில் மாற்றி, மெல்லிய குழாயால் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டாள். ஒரு மணி நேரம் விட வேண்டும். அதற்குள் இன்னொரு வேலை இருந்தது. வெள்ளைத் தட்டு ஒன்றை எடுத்து வைத்து, வாசிலிடம் தீனி டப்பாவை நீட்டினாள்.

"ஒரு சிட்டிகை எடுத்து இதுல போடுங்க."

வாசில் போட்டார். தம்பியைப்போலவே தானிய மூட்டை தூக்கிய விரல்கள். தட்டில் குன்று எழுந்தது.

"இது சிட்டிகையா? ரெண்டு நாள்ல டப்பாவே காலியாயிடும்."

"என் கை சைஸுக்கு அதுதான் சிட்டிகை!"

பிங்கோ நின்றுபோனது. ஒவ்வொருவராக வந்து தட்டில் சிட்டிகை போட்டார்கள். ஒருவருடையது பாதி தரையில். ஒருவர் மூக்குப்பொடி என்று நினைத்து முகர்ந்துவிட்டார். கடைசியில் தையற்காரி ஒட்டாவியா புரூனி, தொண்ணூறு வயது, இரண்டு விரலால் எடுத்துப் போட்டது சரியாக இருந்தது. இன்னொரு முறை போடச் சொன்னாள் இர்யா, அதே அளவு. மூன்றாவது முறையும் அதே.

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நீங்க மட்டும்தான் போடணும், மிஸஸ் புரூனி."

"அப்ப நான் எதுக்கு?" என்றார் வாசில். கூடமே திரும்பிப் பார்த்தது.

"நீங்க இப்படியே பேசிக்கிட்டு இருங்க. நாள் முழுக்க. அதுதான் இதுங்களுக்கு ரொம்ப முக்கியம்."

வாசில் அவள் கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தார். அவள் கேலி செய்யவில்லை.

ஒரு மணி நேரம் முடிந்தது. வாளித் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டியில் விழாமல், சின்ன வலையில் இரண்டு இரண்டாக எடுத்து உள்ளே விட்டாள். முதல் எட்டும் நடுவில் சேர்ந்து நின்றன. சாப்பாட்டு வண்டி வந்து ஸ்டாண்டில் இடித்தது. "ஓ அறுபத்து நாலு!" என்று மைக் மறுபடி கிளம்பியது. எட்டில் ஒன்று இடது பக்கம் போனது. இன்னொன்று கண்ணாடிக்கு வந்து வாசிலின் சட்டைப் பொத்தானைப் பார்த்தது. பதினாறு ஆனபோது தொட்டி முழுக்க அவை இருந்தன. வாசில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசி வலையில் இரண்டு மீன்கள். இர்யா அதைத் தானே விடவில்லை. வலையின் பிடியை வாசிலின் கையில் கொடுத்து, அவர் மணிக்கட்டைத் தண்ணீர்வரை கொண்டுபோய், கையை எடுத்துக்கொண்டாள்.